‘இங்கே வா’: ஏவுவதற்கென்று செய்யப்பட்ட தமிழும் பதில் கிடைக்காத கேள்விகளும்

பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் தோட்டங்களுக்கு வேலை பழக வந்த இளம் வெள்ளைக்காரத் துரைமாருக்காகக் கொழும்பில் சிறு தமிழ்க் கைநூல்கள் அச்சிடப்பட்டன. அவற்றில் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. சின்னத்துரையின் சட்டைப்பைக்குள் அடங்கும் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத் தலைப்பு. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு நூல் வெளிவந்தது. அதன் பெயர் ‘கூலித் தமிழ்’. தேயிலை, இறப்பர் தோட்டத் தொழிலாளர்கள் விளங்கிக்கொள்ளும் தமிழ், துரைமாருக்கும் துரைத்தொழில் பழகுவோருக்கும் ஏற்றபடி ஒழுங்குசெய்யப்பட்டது என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

ஒரு மொழியைக் கற்பிக்கும் நூலுக்கு ‘வணக்கம்’ என்று பெயர் வைக்கலாம். ‘நலமா?’ என்றும் வைக்கலாம். ‘இங்கே வா’ என்று வைத்தவர்களுக்குத் தங்கள் தேவை என்னவென்று தெளிவாகத் தெரிந்திருந்தது. பதுளை, பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல என்று ஊவாவின் மலைகளெங்கும் பல தலைமுறைகளாக ஒலித்த அந்தத் தமிழில் எதைச் சொல்ல முடிந்தது, எதைக் கேட்க முடியவில்லை என்பதை இலக்கணத்தின் வழியே இக்கட்டுரை பார்க்கிறது.

செய்யப்பட்ட மொழிகள்

மொழிகள் பொதுவாக யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்தவை அல்ல. ஆனால் செய்யப்பட்ட மொழிகளும் உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது எஸ்பெராந்தோ. போலந்தில் வாழ்ந்த கண் வைத்தியர் சமென்ஹோப் 1887இல் அதை வெளியிட்டார். வேறுவேறு மொழி பேசும் மக்கள் சம நிலையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவரது நோக்கம். அதில் வினைச்சொல்லின் ஈறு ஒழுங்காக மாறும். ‘வெனாஸ்’ என்றால் வருதல் இப்போது நடக்கிறது. ‘வெனு’ என்றால் வா, அல்லது வரட்டும். ‘வெனுஸ்’ என்றால் ஒரு நிபந்தனைக்குட்பட்டு வரக்கூடும். கேள்விக்கு ‘ச்சு’ என்ற சொல்லை வசனத்தின் தொடக்கத்தில் வைத்தால் போதும். ‘வி வெனாஸ்’ என்றால் நீ வருகிறாய். ‘ச்சு வி வெனாஸ்?’ என்றால் நீ வருகிறாயா? ஏவலும், ஆசையும், ஐயமும், கேள்வியும் பேசுகிற இருவருக்கும் ஒரே அளவில் கிடைக்கின்றன.

இதற்கு நேரெதிரான இடத்தில் இருப்பது தென்னாபிரிக்காவின் பானகலோ. பெரும்பாலும் சூலு மொழிச் சொற்களும், கொஞ்சம் ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்சும் கலந்த மொழி அது. தங்கச் சுரங்கங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அதைப் பயிற்சி கொடுத்தே கற்பித்தார்கள். ‘இதைப் போலச் செய்’ என்று பொருள்படும் தொடரிலிருந்து அதன் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அது எசமானரின் ஏவல் மொழி என்று சுரங்கத் தொழிலாளர்கள் பின்னாளில் அதை எதிர்த்தார்கள்.

‘கூலித் தமிழ்’ இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது புதிய மொழி அல்ல. இரண்டாயிரம் ஆண்டு எழுத்து வரலாறு கொண்ட ஒரு மொழியிலிருந்து வேலை வாங்கத் தேவையான துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கட்டிய மொழி. தோட்டத்தில் இரண்டு விதமான பேச்சு இருந்ததை மானிடவியலாளர் ஈ. வலன்டைன் டானியலும் எழுதியிருக்கிறார். ஒன்று நிர்வாகத்தின் அளவும் கணக்கும் கொண்ட பேச்சு. மற்றது மண்ணோடும் செடியோடும் வாழ்ந்தவர்களின் பேச்சு.

வினைச்சொல்லுக்கு எத்தனை முகம்

தமிழில் மிகச் சுருக்கமான வினைவடிவம் ஏவல்தான். வா, போ, எடு, வெட்டு, கொண்டு வா. வினையின் வேர்ச்சொல்லே கட்டளையாகிவிடுகிறது. காலம் காட்டத் தேவையில்லை, யார் என்று காட்டத் தேவையில்லை. கப்பலில் வந்து இறங்கிய இருபது வயது இளைஞனுக்கு இதைவிட வசதியான வடிவம் இல்லை. ஐம்பது வேர்ச்சொற்களைப் பாடமாக்கினால் ஒரு மலையையே வேலை வாங்கலாம்.

ஆனால் அதே வினை தமிழர் வாயில் பல முகம் காட்டும்:

ஏவல்: வா. மரியாதை சேர்ந்தால் மலையகத்தில் ‘வாங்க’. யாழ்ப்பாணத்தில் ‘வாங்கோ’. அங்கே இடைப்பட்ட மரியாதைக்கு ‘வாரும்’ என்ற வடிவமும் உண்டு.

விலக்கு: வராதே, வராதீங்க, வரக்கூடாது.

வியங்கோள்: வருக, வாழ்க, ஒழிக. வாழ்த்தவும் வையவும் விதிக்கவும் வேண்டவும் வரும் வடிவம் என்று பாடசாலையில் படித்திருப்போம். மே தினக் கோஷங்கள் இந்த வடிவத்தில்தான் நிற்கின்றன.

இசைவு: வரட்டும், வரலாம்.

தேவை: வரணும், வர வேண்டியிருக்கு.

நிபந்தனை: வந்தால், வந்திருந்தால்.

வினா: வந்தாயா? வருவீர்களா? வரட்டுமா? வரலாமா?

மேலே உள்ளவற்றில் துரைக்குத் தேவைப்பட்டவை முதல் இரண்டும், கடைசியில் உள்ளதில் ஒரு பகுதியும்தான். அந்த முதலாவதிலும் மரியாதை வடிவம் அவருக்குத் தேவைப்படவில்லை. பேரப்பிள்ளை கண்ட மனிதருக்கும் ‘வா’, ‘போ’தான். அந்த மனிதர் திருப்பிப் பேசும்போது ஒவ்வொரு வசனத்தின் வாலிலும் ‘ங்க’ இருக்க வேண்டும். ‘ஆமாங்க’, ‘வரேனுங்க’, ‘இல்லீங்க’. இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள். ஒருவருடைய தமிழில் ‘ங்க’ இல்லை, மற்றவருடைய தமிழில் ‘வா’ இல்லை.

கேள்வியிலும் இதே கதைதான். கீழே நிற்பவருக்கு அனுமதிக்கப்பட்ட கேள்வி பெரும்பாலும் ‘-அட்டுமா’ வடிவத்தில் இருந்தது. ‘காம்பராவுக்குப் போகட்டுமா?’ ‘பிள்ளையைக் கொண்டுபோய் மருந்து எடுக்கட்டுமா?’ இலக்கணப்படி இது வினா. நடைமுறையில் இது அனுமதிக்கான விண்ணப்பம். ‘ஏன் பேர் வெட்டினீங்க?’ என்பது வேறு விதமான வினா. அதைக் கேட்பதற்கு வேறு துணிவு வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு, அதாவது ஒரு நாள் சம்பளம். அரைப் பேர் விழுந்தால் அன்று அரை நாள் சோறு.

ஆறு வினா, எட்டு விடை

சாதாரண தரத் தமிழ்ப் பாடத்தில் நன்னூல் சொல்லும் ஆறு வகை வினாக்களைப் பலரும் மனப்பாடம் செய்திருப்போம். அவற்றைத் தோட்டத்து வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கிடைக்கிறது.

அறிவினா: பதிலைத் தெரிந்துகொண்டே கேட்பது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், ‘இது கொழுந்தா, முத்தலா?’ கேட்பவருக்குத் தெரியும். கிலோவைக் கழிக்கப் போகிறார்.

அறியா வினா: தெரியாததால் கேட்பது. சம்பள நாளில், ‘இந்த மாசம் எத்தனை பேர் விழுந்திருக்குங்க?’

ஐய வினா: இதுவா அதுவா என்று தெளியாமல் கேட்பது. அடைமழை இரவில் லயத்துக்குள்ளிருந்து, ‘தண்ணி ஓடுற சத்தமா, மண்ணு இறங்குற சத்தமா?’

கொளல் வினா: வாங்கிக்கொள்வதற்காகக் கேட்பது. கடையில், ‘மாவு இருக்கா?’

கொடை வினா: கொடுப்பதற்காகக் கேட்பது. ‘பிள்ளைக்குக் கொப்பி இல்லையா?’

ஏவல் வினா: கேள்வி வடிவில் வரும் கட்டளை. ‘மணி ஏழாச்சு, இன்னும் மலைக்குப் போகலையா?’

கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை ஆகியோரிடமிருந்து தொழிலாளரை நோக்கி வந்தவை முதலாவதும் ஆறாவதும். தொழிலாளரிடமிருந்து மேல்நோக்கிப் போக வேண்டியவை இரண்டாவதும் மூன்றாவதும். அப்படிப் போன கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இருக்கவில்லை.

விடை எட்டு வகை. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடியானவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் சுற்றி வருபவை. ‘மலைக்குப் போகலையா?’ என்ற கேள்விக்கு நேர் விடை ‘போறேனுங்க’. மறை விடை ‘போகல’. அப்படிச் சொன்னால் அன்றைய பேர் போய்விடும். ஏவல் விடையாக ‘நீங்களே போங்க’ என்று சொன்னால் வேலையே போகலாம். எனவே மிஞ்சுவது மற்றவை. ‘கால் வீங்கிருச்சுங்க’ என்பது உற்றது உரைத்தல். ‘இந்த மழையில போனா காய்ச்சல் வந்துருமுங்க’ என்பது உறுவது கூறல். ‘போகாம இருப்பேனுங்களா?’ என்பது வினா எதிர் வினாதல். நேராக மறுக்க முடியாத மக்கள் மறுப்பை இந்தச் சுற்று விடைகளுக்குள் வைத்துச் சொன்னார்கள். ‘கூலித் தமிழ்’ மட்டும் படித்த துரைக்கு இவை சாக்குப்போக்காகக் கேட்டிருக்கும். உள்ளே ஒரு ‘மாட்டேன்’ இருப்பது அவருக்குக் கேட்டிருக்காது.

கேள்வியை இடையில் வைத்திருந்தவர்

இந்த இரண்டு தமிழுக்கும் இடையில் நின்றவர் கங்காணி. ஊரில் ஆள் சேர்த்ததும் அவர்தான், பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பியதும் அவர்தான். தொழிலாளியின் கடன் எழுதப்பட்ட ‘துண்டு’, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதையே கடனோடு கட்டிவைத்திருந்தது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ‘என் கடன் எவ்வளவு?’ என்ற எளிய அறியா வினாவுக்கும் பதில் வைத்திருந்தவர், கடன் கொடுத்த அதே ஆள்.

1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கான தனிச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் அவரது துணைவியார் மீனாட்சி அம்மையாரும் துண்டுப் பிரசுரம், பாட்டு, மேடைப் பேச்சு என்று எல்லா வழியிலும் தொழிலாளருக்கு எடுத்துச் சொன்ன செய்தி, இதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு என்பதே. சங்கம் வந்த பிறகு தோட்டத்துக்கு ஒரு ‘தலைவர்’ வந்தார். துரையின் ஆபிசுக்குப் போய் ‘ஏன்?’ என்று கேட்பது அவர் வேலை. தோட்டத்துப் பேச்சில் மேல்நோக்கிப் போகும் வினாவுக்கு முதன்முறையாக ஒரு பதவியே கிடைத்தது.

1947 பொதுத் தேர்தலில் அந்த வினா பாராளுமன்றம் வரை போனது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் பதுளை உட்பட ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. நாட்டின் அதிகாரத்தைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கும் உரிமை இரண்டே ஆண்டுக்குள் பறிபோனது. அதன் பிறகு கேள்வி கேட்டவர்கள் மறுதரப்பினர்தான். எப்போது வந்தாய்? எந்தக் கப்பலில்? அப்பா எங்கே பிறந்தார்? அத்தாட்சி எங்கே?

எழுபதுகளில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். ‘துரை’ என்ற பதவிப் பெயரும், மரியாதை இல்லாத ஏவலும் பல தோட்டங்களில் அப்படியே இருக்கின்றன.

‘வந்தீங்களா?’, ‘வந்தனீங்களே?’

1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. வன்னியில் யுத்தத்தின் முழுச் சுமையையும் சுமந்தவர்களில் அவர்களும் அடங்குவர். அங்கே அவர்களை அடையாளம் காட்டியவற்றுள் ஒன்று கேள்வி கேட்கும் முறை. வடக்கில் ‘சாப்பிட்டனீங்களே?’, ‘அவர் வந்தவரோ?’ என்று ஏகாரத்திலும் ஓகாரத்திலும் கேட்பார்கள். மலையகத்தவர் ‘சாப்பிட்டீங்களா?’, ‘அவர் வந்தாரா?’ என்று ஆகாரத்தில் கேட்பார்கள். வினா எழுத்துகளாக இலக்கணம் சொல்லும் ஐந்தில் வசனத்தின் கடைசியில் வரக்கூடியவை ஆ, ஏ, ஓ. மூன்றும் சம உரிமை கொண்டவை. இருந்தும் ஓர் ஆகாரத்தைக் கேட்டதும் ‘தோட்டக்காட்டார்’ என்று முடிவுகட்டிய காலம் ஒன்று இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

சோதனைச் சாவடியில் இந்த வேறுபாடு எதுவும் உதவவில்லை. அங்கே கேள்வி சிங்களத்தில் வந்தது. ‘கொஹெத யன்னே?’ சிங்களத்தில் வினாவுக்கு ‘த’ என்ற ஒட்டு. ‘எங்கே’, ‘என்ன’ போன்ற வினாச் சொல் வரும்போது ‘யனவா’ என்ற வினையும் ‘யன்னே’ என்று மாறும். பதுளைப் பக்கத்துத் தமிழருக்கு இது சின்ன வயதிலிருந்தே பழகிய மொழி. வடக்கிலிருந்து வந்தவருக்கு அப்படி இல்லை. ஆனால் மொழி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அந்தக் கேள்வி ஒன்றுதான். அது நன்னூலின் முதலாவது வகை. பதிலைக் கேட்பவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்.

1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான பலரிடம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. இதில் வடக்கு, கிழக்கு இளைஞர்களோடு மலையக இளைஞர்களும் அடங்குவர். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னதாக எழுதினார்கள் என்று தெரியாமலே ‘ஒப்புக்கொண்டவர்கள்’ அவர்கள். வினாவும் விடையும் ஒருவருடைய கையிலேயே இருந்தால் எதுவரை போகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மீரியபெத்த: ‘எங்கே?’ என்ற கேள்வி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகச் சரிவுக்குப் பிறகு அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. சொல்லியும் போகவில்லை என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தே வந்தது.

‘வெளியேறுங்கள்’ என்பது ஏவல். மரியாதை சேர்ந்த ஏவல்தான். ஆனால் லயத்துக் காம்பரா அதில் இருப்பவருக்குச் சொந்தமில்லை. சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லை. வேலை இருக்கும் இடத்தில்தான் இருப்பிடம். அப்படிப்பட்டவரிடம் ‘வெளியேறு’ என்றால் அவர் வாயில் முதலில் வருவது ‘எங்கே?’ என்ற அறியா வினா. அடுத்து ‘யார் காணி தருவாங்க?’ அதற்கடுத்து ‘வேலை?’ இந்த மூன்றுக்கும் பதிலாக ஒரு காணித் துண்டு காட்டப்படும் வரை அந்த ஏவலுக்குப் பொருள் இல்லை. சரிவில் தப்பியவர்களுக்கு மாற்று வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். முதல் எச்சரிக்கைக்கும் அந்த வீடுகளுக்கும் இடையில் பதினொரு ஆண்டுகள்.

ஊவாவின் செங்குத்தான சரிவுகளில் இன்றும் லயங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘வெளியேறுங்கள்’ என்ற அறிவித்தல் வருகிறது. ‘எங்கே?’ என்று கேட்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதும் செய்தியாளர்களும் இருக்கிறார்கள்.

இன்று கேட்கக்கூடிய கேள்விகள்

சட்டப் புத்தகத்தில் நிலைமை மாறியிருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999இல் வந்த வர்த்தமானி அறிவித்தல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக்கியது. அங்கே பதிவேடுகளும் கடிதங்களும் தமிழிலும் இருக்க வேண்டும். நடைமுறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவில் இருந்தால் அன்று தமிழும் லீவு. இது குறித்து 1991இன் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

கேள்வி கேட்க இன்னும் நேரான கருவி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்து வாசகர்களுக்காக அதன் முக்கிய அம்சங்கள்:

எந்தவொரு இலங்கைப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். எங்கள் லயம் மண்சரிவு அபாயப் பட்டியலில் இருக்கிறதா, மாற்றுக் காணி எங்கே ஒதுக்கப்பட்டுள்ளது, எங்கள் தோட்டத்து வீடமைப்புத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் வந்தது என்பன கேட்கக்கூடியவை.

தமிழிலேயே கேட்கலாம்.

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

மறுத்தால் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இவற்றோடு இன்னொரு ஏற்பாடும் அந்தச் சட்டத்தில் உண்டு. எழுத முடியாத ஒருவர் தன் கேள்வியை வாயால் சொன்னால் போதும். அதைக் கேட்டு எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. கைநாட்டு வைத்துப் பழகிய ஒரு மூதாட்டி பிரதேச செயலகத்துக்குப் போய், ‘எங்க லயத்துக்கு மாத்துக் காணி எங்கே?’ என்று கேட்டால், உள்ளே இருப்பவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொள்ள வேண்டும்.